தந்தையுடன் ஒரு சயாம் பயணம்



பள்ளி விடுமுறை நெருங்கும்போது வகுப்பறையில் ஒரு பேச்சு எழும். "இந்த விடுமுறைக்கு எங்கே போகிறாய்?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வீர்கள். ஒருவர் சிங்கப்பூர் என்பார். ஒருவர் மெடான் என்பார். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தமிழ்நாடு, இலங்கை என்று சொல்லக்கூடும். சென்று வந்த பிறகு என்ன கொண்டு வருகிறார்கள்? துணிமணி, விளையாட்டுப் பொருள், படங்கள். இவற்றைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் ஓர் அயல்நாட்டுப் பயணம் இவற்றைவிட மிகப் பெரிய ஒன்றைத் தரவல்லது. அதிலும் தாயுடனோ தந்தையுடனோ செல்லும் பயணம், நண்பர்களுடன் செல்லும் பயணம் தராத ஒன்றைத் தரும். அது என்ன என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட ஒரு பயணத்தை எடுத்துக்காட்டாக வைத்துப் பேசுவது நல்லது. ஆகவே 1983-ஆம் ஆண்டு இறுதியில் நான் என் தந்தையாருடன் தாய்லாந்து சென்று வந்த பயணத்தைப் பற்றிச் சொல்கிறேன். அப்போது நான் நான்காம் படிவம் முடித்திருந்தேன். தந்தையார் தென் கெடாவில் ஒரு தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. அவருக்கு வயது 45.

வெளிநாடு போகலாம் என்று சொன்னதும், பாங்காக்கின் கடைத்தெருக்களும் கோயில்களும்தான் என் நினைவுக்கு வந்தன. தந்தையார் மனத்தில் வேறோர் ஊர் இருந்தது. "பாங்காக் பார்ப்போம் தம்பி. ஆனா காஞ்சனபுரிக்கும் போகணும். உங்க தாத்தா போன ஊரு அது" என்றார். அதற்காகவே இரண்டு ஆண்டுகள் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்திருந்தார்.

எங்கள் தாத்தா 1943-ஆம் ஆண்டில் தோட்டத்திலிருந்து சயாமுக்கு அனுப்பப்பட்டவர். மூன்று மாத வேலை, நல்ல கூலி, இலவசச் சாப்பாடு என்று சொல்லி ஜப்பானியர் அழைத்துப் போனார்களாம். அப்போது என் தந்தைக்கு வயது ஐந்து. மூன்று மாதம் கழிந்தது, மூன்று ஆண்டு கழிந்தது, போரும் முடிந்தது. தாத்தா திரும்பவில்லை. அவர் இறந்தார் என்ற செய்தியும் வரவில்லை. இதனால் வீட்டில் ஒரு சிக்கல் இருந்தது. இறந்த நாள் தெரியாமல் திதி கொடுப்பது எப்படி? உடலைக் காணாமல் பாட்டி பொட்டை அழிப்பது எப்படி? பாட்டி அழிக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் நெற்றியில் குங்குமத்தோடுதான் இருந்தார். உறவினர் சிலர் ஜாடையாகப் பேசியதுண்டு. "பார்த்தவங்க யாராச்சும் வந்து சொல்லட்டும், அழிக்கிறேன்" என்பது அவர் மறுமொழி.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு நாட்டைப் பார்க்கப் போகுமுன் அந்த நாட்டோடு நம் வீட்டுக்கு ஏதாவது தொடர்பு உண்டா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நம்மில் பலருக்கு உண்டு. கேட்டால்தான் தெரியும்.

பயணத்துக்கு முன்னேற்பாடு தேவை. கடப்பிதழ் எடுப்பதும் பயணச்சீட்டு வாங்குவதும் பெரியவர்கள் பொறுப்பு. மாணவரின் பொறுப்பு நிலப்படத்தைப் படிப்பது. பள்ளி நூலகத்தில் இருந்த பெரிய நிலப்படத்திலிருந்து பட்டர்வொர்த் முதல் பாங்காக் வரையிலான இருப்புப்பாதையை ஒரு தாளில் வரைந்துகொண்டேன். பாங்காக்கிலிருந்து மேற்கே காஞ்சனபுரி வரை இன்னொரு கோடு. அதற்கு அப்பால் பர்மா எல்லை வரை குவே நொய் என்ற ஆறு. அந்தத் தாள் பிறகு எவ்வளவு பயன்பட்டது என்பதைச் சொல்லும் இடம் வரும்.

பட்டர்வொர்த்தில் பிற்பகலில் புறப்பட்ட புகைவண்டி மாலையில் எல்லையைக் கடந்தது. பாடாங் பெசாரில் கடப்பிதழைக் காட்டி முத்திரை பெற்றோம். கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளி வைத்தோம். அதற்கு முந்தைய ஆண்டான 1982 தொடங்கித்தான் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டிருந்தது. ஒரே பாதை, ஒரே வெயில். ஆனால் கோட்டைத் தாண்டினால் மணி வேறு. நேர மண்டலம் என்று புவியியல் பாடத்தில் படித்தது கைக்கு எட்டியது அப்போதுதான்.

ஹாட் யாயிலிருந்து பாங்காக் வரை இருப்புப்பாதை 900 கிலோமீட்டருக்கும் மேல். வழியில் வரும் ஊர்ப் பெயர்களைக் காது கொடுத்துக் கேட்டால் ஒரு மொழிப் பாடமே நடக்கும். நகோன் என்பது நகரம். புரி என்பது நாம் அறிந்த புரியேதான். ராட்சபுரி என்பது அரசனின் நகர். காஞ்சனபுரி என்பது பொன்னகர். வடமொழியும் பாலியும் தாய் மொழியில் கலந்ததன் விளைவு இது. எழுத்து புரியாத நாட்டிலும் பெயர் புரிகிறதென்றால், பழங்காலத்தில் கடல் கடந்து சென்ற வணிகரும் துறவியரும் எவ்வளவு தொலைவு சென்றிருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நாங்கள் சென்றது படுக்கை வசதியுள்ள வண்டி. இரவு நன்றாகத் தூங்கினேன். விடியும் வேளையில் தந்தையார் என்னைத் தட்டி எழுப்பினார். "பான்போங் வருது, பாரு" என்றார். பான் போங் என்பது பாங்காக்குக்கு முன்னால் வரும் ஒரு சிறிய நிலையம். 1943-இல் மலாயாவிலிருந்து வந்த வண்டிகள் பல அங்கேதான் ஆட்களை இறக்கின. அவர்கள் வந்தது இதே பாதையில். ஆனால் சரக்கு ஏற்றும் மூடிய இரும்புப் பெட்டிகளில். பகலில் இரும்பு சுடும், இரவில் குளிரும். உட்காரவும் இடம் போதாது. அப்படி நான்கைந்து நாள் பயணம். அங்கிருந்து பலர் காட்டுக்குள் நூறு, இருநூறு கிலோமீட்டர் நடந்தார்கள். எங்கள் வண்டி அந்த நிலையத்தைச் சில நொடிகளில் கடந்துவிட்டது. தந்தையார் சன்னலை விட்டு நகரவில்லை.

பாங்காக்கில் இரண்டு நாள் தங்கினோம். அரண்மனை வளாகத்தில் மரகத புத்தர் கோயிலைப் பார்த்தோம். அதன் சுற்று மண்டபச் சுவர்களில் இராமாயணக் கதை 178 ஓவியங்களாகத் தீட்டப்பட்டிருக்கிறது. தாய் மொழியில் அந்தக் காப்பியத்துக்கு இராமகியன் என்று பெயர். தந்தையார் பள்ளியில் அதிகம் படித்தவர் அல்லர். ஆனால் தோட்டத்துத் திருவிழாக்களில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர். ஓவியத்தைப் பார்த்ததும், "இது அனுமார் கடல் தாண்டுறது, இது கும்பகர்ணன்" என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் கையில் வைத்திருந்த வழிகாட்டி ஏட்டைத் திறக்க வேண்டிய தேவையே வரவில்லை.

நகரின் நடுவே சிவப்பு வண்ணத்தில் வானளாவ ஓர் ஊஞ்சல் கம்பம் நிற்கிறது. 1784-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அருகில் பிராமணர் கோயில் ஒன்று உண்டு. மார்கழி, தை மாதங்களை ஒட்டி அங்கு நடக்கும் விழாவுக்குத் 'திரியம்பவாய் திரிபவாய்' என்று பெயர். திருவெம்பாவை, திருப்பாவை என்ற நம் பெயர்களே அவை! ஊஞ்சலாடும் சடங்கு 1935-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. விழாவின் பெயர் நிற்கவில்லை. சீலோம் சாலையில் 19-ஆம் நூற்றாண்டில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. அங்கே தாய்லாந்து மக்கள் தாமரைப் பூவும் ஊதுவத்தியுமாக வரிசையில் நின்று வணங்குவதைக் கண்டு தந்தையார் வியந்தார்.

மூன்றாம் நாள் காலை படகில் ஆற்றைக் கடந்து தோன்புரி நிலையத்தில் காஞ்சனபுரி வண்டி ஏறினோம். மூன்றாம் வகுப்பு, மர இருக்கை. ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம். இனி நான் சொல்லப்போகும் வரலாற்றை மாணவர்கள் சற்றுக் கவனமாகக் கேளுங்கள்.

1942-ஆம் ஆண்டில் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தது. அங்கிருந்த படைக்கு உணவும் ஆயுதமும் போக வேண்டும். கடல் வழியில் நேச நாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்கள் காத்திருந்தன. ஆகவே சயாமிலிருந்து பர்மாவுக்குத் தரை வழியே இருப்புப்பாதை போட முடிவு செய்தார்கள். பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியுசயாட் வரை நீளம் 415 கிலோமீட்டர். மலை, காடு, ஆறு, கடும் மழை. இத்தகைய பாதையை அமைக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஆனால் 1942-இன் பிற்பகுதியில் தொடங்கிய வேலை 1943 அக்டோபர் 17-ஆம் நாள் முடிந்துவிட்டது. இரு முனையிலிருந்தும் போட்டு வந்த தண்டவாளங்கள் அன்று இணைந்தன. இயந்திரங்கள் மிகக் குறைவு. மண்வெட்டி, கூடை, உளி, சம்மட்டி, மனிதக் கை ஆகியவற்றால் முடிந்த வேலை அது.

அந்தக் கைகள் யாருடையவை? ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர், அமெரிக்கர் ஆகிய போர்க்கைதிகள் 60,000 பேருக்கும் மேல். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களைவிடப் பன்மடங்கு மிகுதியானோர் ஆசியத் தொழிலாளர்: தமிழர், மலாய்க்காரர், சீனர், பர்மியர், ஜாவானியர். இவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேற்பட்டோர் சென்றனர். அவர்களில் பெரும்பான்மையினர் தோட்டத் தமிழர். ஆசியத் தொழிலாளரில் இறந்தவர்கள் எத்தனை பேர்? 80,000 என்பார் சிலர். ஒரு லட்சம் என்பார் சிலர். ஒரு மனிதன் இறந்தானா இல்லையா என்பதிலேயே ஆயிரக்கணக்கில் வேறுபாடு! இந்த வேறுபாடே ஒரு செய்தியை நமக்குச் சொல்கிறது. அவர்களை யாரும் எண்ணவில்லை.

காஞ்சனபுரியில் முதலில் பாலத்துக்குச் சென்றோம். குவே யாய் ஆற்றின் மேல் நிற்கும் இரும்புப் பாலம் அது. இரும்புச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டு வரப்பட்டவை. வளைந்த சட்டங்கள் பழையவை. நடுவே கோண வடிவில் இருக்கும் இரண்டும், குண்டு வீச்சில் உடைந்த பகுதிக்குப் பதிலாகப் போருக்குப் பின் வைக்கப்பட்டவை. 1957-இல் வெளிவந்த ஒரு திரைப்படத்தால் இந்தப் பாலம் உலகப் புகழ் பெற்றது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் படம் எடுக்கப்பட்டது இலங்கையில். இன்னொரு வேடிக்கை, போர்க்காலத்தில் அந்த ஆற்றுக்கு இந்தப் பெயரே இல்லை. மே குளோங் என்றுதான் பெயர். படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் குவே ஆற்றுப் பாலம் எங்கே என்று கேட்கத் தொடங்கியதால், 1960-களில் ஆற்றுக்கே பெயர் மாற்றினார்கள்.

அடுத்து, நிலையத்துக்கு அருகில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றோம். ஏறத்தாழ 7,000 கல்லறைகள். வெட்டிச் சீராக்கிய புல்வெளி. வரிசை வரிசையாகத் தாழ்வான கற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வெண்கலத் தகடு. தகட்டில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. தந்தையார் ஒரு வரிசையின் தொடக்கத்திலிருந்து நடந்தார். "இது என்னன்னு படி தம்பி" என்றார். படித்தேன். "வயசு?" என்றார். "இருபத்து மூணு." அடுத்தது. "இருபத்தேழு." அடுத்தது. "பத்தொன்பது." ஒரு வரிசை முழுதும் அப்படியே படித்தேன். முடிவில், "எல்லாம் சின்னப் பையனுங்க. பாவம்" என்றார். சற்று நேரம் கழித்து, "தேதியெல்லாம் போட்டிருக்கான் பாரு" என்றார். அந்தச் சொல்லில் இருந்த ஏக்கம் எனக்குப் புரிந்தது. ஒரு தேதிக்காகத்தான் எங்கள் வீடு நாற்பது ஆண்டுகள் காத்திருந்தது.

அவர்களுக்குத் தேதி இருந்ததற்கும் நம்மவருக்கு இல்லாமற் போனதற்கும் காரணம் உண்டு. போர்க்கைதிகள் படைவீரர்கள். முகாமிலும் அவர்களுக்கு அதிகாரிகள் இருந்தார்கள். மருத்துவர்கள் இருந்தார்கள். பெயர்ப் பட்டியலை மறைத்து வைத்துக் காத்தார்கள்; ஒவ்வொரு சாவையும் குறித்தார்கள். 1945 செப்டம்பரில் போர் முடிந்த கையோடு ஒரு சிறு குழு பாதை நெடுகச் சென்று, காட்டுக்குள் இருந்த 10,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தேடிக் கண்டுபிடித்தது. தோட்டத் தொழிலாளிக்கு இவை ஒன்றும் இல்லை. அவனுக்குத் தலைவன் இல்லை, மருத்துவர் இல்லை, காகிதமும் பென்சிலும் இல்லை. 1943-இன் மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது முகாம் முகாமாக அழிந்தார்கள். மலேரியா, வயிற்றுக்கடுப்பு, காலில் புரையோடிய புண், பசி. புதைக்கவும் எரிக்கவும் ஆள் போதவில்லை. யார் யாரை எழுதி வைப்பது?

இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் ஒரு புத்த மடம் இருக்கிறது. அங்கே 1977-இல் தொடங்கிய அருங்காட்சியகம் ஒன்று உண்டு. கைதிகள் வாழ்ந்த மூங்கில் கொட்டகையைப் போலவே கட்டப்பட்டது. அதன் பெயர் ஜீத். நாடுகளின் முதலெழுத்துகளைச் சேர்த்து அமைத்த பெயர் என்று பலகையில் எழுதியிருந்தது. ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும், தாய்லாந்து, ஹாலந்து. தந்தையாருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணினார். "நம்ம எழுத்து இல்லையே" என்றார். குறையாகச் சொல்லவில்லை, இருக்கிறதை இருக்கிறபடி சொன்னார். அந்த மடத்துத் துறவியர் தம்மிடம் கிடைத்த படங்களையும் பொருள்களையும் கொண்டு, இறந்தவர்களை நினைத்து அமைத்த இடம் அது. எழுதி வைக்கப்பட்டது கிடைத்தது, எழுதப்படாதது கிடைக்கவில்லை.

மறுநாள் அந்தப் பாதையிலேயே நாம் தோக் வரை வண்டியில் சென்று திரும்பினோம். போருக்குப் பின் பர்மாப் பகுதியும் எல்லையை ஒட்டிய பகுதியும் பெயர்த்தெடுக்கப்பட்டுவிட்டன. நோங் பிளாடுக் சந்திப்பிலிருந்து நாம் தோக் வரை ஏறத்தாழ 130 கிலோமீட்டர் மட்டும் எஞ்சியது. நாம் தோக் என்றால் அருவி என்று பொருள். வழியில் வாங் போ என்ற இடத்தில், ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறு பக்கம் ஆறு. நடுவே மரத் தூண்களின் மேல் பாதை வளைந்து போகிறது. வண்டி ஆமை போல ஊர்ந்தது. பயணிகள் எல்லாரும் தலையை நீட்டிப் படம் எடுத்தார்கள். அழகான இடம்தான். அழகும் கொடுமையும் ஒரே இடத்தில் இருக்கக்கூடும் என்பதைக் கண்ணால் பார்த்தோம்.

திரும்பி வந்த மாலையில் தந்தையார் கேட்டார்: "தம்பி, இந்த ஆறு எங்கேருந்து வருது?" நான் வரைந்து வைத்திருந்த தாளை எடுத்து விரித்தேன். குவே நொய் ஆறு பர்மா எல்லைப் பக்கம் தோன்றி, இருப்புப்பாதையை ஒட்டியே ஓடி, காஞ்சனபுரியில் குவே யாய் ஆற்றோடு கலக்கிறது. பாதையே அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பின்பற்றிப் போட்டதுதான். கோட்டின் மேல் விரல் வைத்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்தார். பிறகு, "அப்போ சயாம் பக்கம் எங்கே செத்திருந்தாலும் மழை பெய்ஞ்சா தண்ணி இப்படித்தான் வந்தாகணும்" என்றார்.

அதன் பிறகு அவர் தயங்கவில்லை. ஆறுகள் கூடும் துறையில் இறங்கினார். வீட்டிலிருந்து பொட்டலமாகக் கொண்டு வந்திருந்த பச்சரிசி, எள், வெற்றிலை, பாக்கு ஆகியவற்றைத் தண்ணீரில் விட்டார். மந்திரம் சொல்ல ஆள் இல்லை. "அப்பா, நான் வந்திருக்கேன்" என்று மட்டும் சொன்னார். கரையில் கிடந்த ஒரு சிறு கூழாங்கல்லை எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டார்.

வீடு திரும்பியதும் பாட்டியிடம் கல்லைக் கொடுத்தார். பாட்டி அழவில்லை. "அந்த ஆத்துல வருசம் முழுக்கத் தண்ணி ஓடுமா?" என்று மட்டும் கேட்டார். ஓடும் என்றோம். கல்லைக் கழுவி மஞ்சள் தடவிச் சாமி விளக்கின் பக்கத்தில் வைத்தார். மறுநாள் காலை அவர் நெற்றியில் குங்குமம் இல்லை, திருநீறு இருந்தது. அடுத்த ஆண்டிலிருந்து மகாளய அமாவாசையன்று தாத்தாவுக்குப் படையல் போட்டோம். நாள் தெரியாதவர்களுக்கும் உரிய நாள் அதுதானே.

மாணவ நேயர்களே, தமிழரிடம் நடுகல் என்றொரு பழைய வழக்கம் உண்டு. போரில் இறந்த வீரனுக்குக் கல் நட்டுப் பெயரும் பெருமையும் எழுதி வழிபடுவது. கல்லைத் தேர்வது, கொண்டு வருவது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என்று அதன் ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. ஐந்தாம் படிவத்தில் தமிழ் இலக்கியப் பாடத்தில் இதைப் படித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. கல்லைத் தேர்ந்தார், கொண்டு வந்தார், கழுவினார், வைத்தார், படைத்தார். தொல்காப்பியம் படிக்காத தந்தையும் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இந்த வரிசை மாறாமல் செய்திருந்தார்கள்!

இந்தப் பயணத்துக்குப் பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. பல செய்திகள் வெளிவந்துள்ளன. 1990-இல் காஞ்சனபுரியில் ஒரு நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகள் ஒரே இடத்தில் கிடைத்தன. அவை ஆசியத் தொழிலாளருடையவை என்று கருதப்படுகின்றன. 1998-இல் ஆஸ்திரேலிய அரசு, கைதிகள் பாறையைக் குடைந்த ஹெல்ஃபயர் கணவாயில் நினைவு அருங்காட்சியகம் அமைத்தது. 2003-இல் கல்லறைத் தோட்டத்தின் அருகே இப்பாதைக்கென்றே ஓர் ஆய்வு மையம் திறக்கப்பட்டது. 2023 மே மாதத்தில், மலேசியத் தமிழர்களின் முயற்சியால், காஞ்சனபுரியில் உள்ள ஒரு புத்த மடத்தில் சயாம் பாதையில் மாண்ட தமிழர்களுக்கு நினைவுக் கல் நாட்டப்பட்டது. அதற்கு நடுகல் என்றே பெயர் வைத்தார்கள். 80 ஆண்டுகள் கழித்து நட்ட கல்! இந்த வரலாற்றைக் கதையாகப் படிக்க விரும்புவோர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நம் நாட்டுத் தமிழ் நாவல்களைத் தேடிப் படிக்கலாம்.

தொடக்கத்தில் ஒன்று சொன்னேன். பெற்றோருடன் செல்லும் பயணம், நண்பர்களுடன் செல்லும் பயணம் தராத ஒன்றைத் தரும் என்று. அது என்ன என்பது இப்போது விளங்கியிருக்கும். என் தந்தைக்கு ஆங்கிலப் பலகையைப் படிக்கத் தெரியாது, நிலப்படம் தெரியாது. எனக்குப் பலகை தெரியும், படம் தெரியும். ஆனால் எதைத் தேட வேண்டும் என்று தெரியாது. நான் தனியாகச் சென்றிருந்தால் ஒரு பாலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பேன். அவர் தனியாகச் சென்றிருந்தால் ஆற்றைப் பார்த்தும் அது எங்கிருந்து வருகிறது என்று அறியாமல் திரும்பியிருப்பார். அவருடைய நினைவும் என்னுடைய படிப்பும் சேர்ந்தபோதுதான் அந்த இடம் வாய் திறந்து பேசியது.

ஆகவே, அடுத்த விடுமுறையில் பெற்றோருடன் வெளிநாடு செல்லும் வாய்ப்புக் கிடைத்தால் மூன்று செயல்களைச் செய்யுங்கள். புறப்படுமுன், அந்த நாட்டைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். சென்ற இடத்தில், எழுதியிருப்பதைப் பெற்றோருக்குப் படித்துச் சொல்லுங்கள். எழுதாததை அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும், கேட்டதையும் பார்த்ததையும் பெயரோடும் ஊரோடும் ஆண்டோடும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். வெளிநாடு செல்லும் வசதி இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். பக்கத்து ஊருக்குத் தாயோடு பேருந்தில் சென்றாலும் இம்மூன்றையும் செய்ய முடியும்.

எழுதி வையுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 70,000 பேர் சென்றார்கள் என்பது தெரிகிறது. அவர்கள் யார் யார் என்பது தெரியவில்லை. அன்று எழுத ஆள் இல்லை. இன்று ஒவ்வொரு வீட்டிலும் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை இருக்கிறது. அந்தப் பிள்ளை நீங்கள்தான்.